உறுப்பு மாற்று அங்கீகாரக் குழுக்களும் நலன் முரணும்: தமிழ்நாட்டு வரலாறு

உறுப்பு மாற்று அங்கீகாரக் குழு என்பது, நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் நோயாளிக்குத் தம் உறுப்பைக் கொடுக்க முன்வரும்போது, அந்தக் கொடை உண்மையிலேயே அன்பினால் தரப்படுகிறதா, பணத்துக்காகத் தரப்படுகிறதா என்பதை ஆராய்ந்து அனுமதி வழங்கும் அல்லது மறுக்கும் சட்டப்பூர்வமான குழுவாகும். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இக்குழுக்களை உருவாக்கியது. மருத்துவத்தில் நெறி எது, நெறி பிறழ்வு எது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு இவர்களிடம் உள்ளது. ஆனால், தீர்ப்புச் சொல்பவருக்கே அந்தத் தீர்ப்பில் ஓர் ஆதாயம் இருந்தால் என்ன ஆகும்? இக்கேள்வியே நலன் முரண் எனப்படும் சிக்கலின் மையம். சிறுநீரக வணிகத்தால் நீண்ட காலம் பாதிக்கப்பட்ட தமிழ்நாட்டில், குறிப்பாக வடசென்னையிலிருந்து பழவேற்காடு வரை நீளும் கடலோரத்தில், இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

நலன் முரண்: பொருள் விளக்கம்

ஒருவர் ஏற்றிருக்கும் பொறுப்பு ஒரு பக்கமும், அவருடைய சொந்த ஆதாயம் அல்லது அவர் சார்ந்த நிறுவனத்தின் ஆதாயம் மறுபக்கமும் இழுக்கும் நிலையே நலன் முரண். ஆதாயம் என்பது பணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பதவி உயர்வு, புகழ், நிறுவனத்தின் பெயர், சக மருத்துவரைப் பகைத்துக்கொள்ளத் தயங்கும் மனம் ஆகியவையும் ஆதாயங்களே.

நலன் முரண் இருப்பதாலேயே ஒருவர் தவறு செய்தார் என்று பொருளாகாது. லஞ்சம் வாங்குவது ஒரு செயல்; நலன் முரண் என்பது ஒரு நிலை. நேர்மையான மனிதரும் அந்த நிலையில் இருக்கலாம். அவர் எடுக்கும் முடிவு சரியாகவே இருந்தாலும், அதை நம்புவதற்குப் பிறருக்குக் காரணம் இல்லாமல் போகிறது. இதனால்தான் சட்டங்கள் பலவும் உறுப்பினரின் குணத்தை அளக்க முயல்வதைவிட, அவர் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறார் என்பதை ஒழுங்குபடுத்த முயல்கின்றன.

மருத்துவரின் நலன் முரணைப் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. மருத்துவரைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட நெறிமுறையாளரின் நலன் முரண் காலம் தாழ்ந்தே கவனம் பெற்றது. காவலுக்குக் காவல் யார் என்ற பழைய கேள்வியின் மருத்துவ வடிவம் இது.

உலகப் பின்னணி

மருத்துவ நெறிமுறைக் குழுக்களின் வரலாறு சிறுநீரகத்தோடு பின்னிப் பிணைந்தது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் உருவாக்கிய குழாய் அமைப்பு, டயாலிசிஸ் சிகிச்சையை ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வழிவகுத்தது. இயந்திரங்கள் சிலவே, நோயாளிகளோ பலர். யாருக்கு முதலில் இடம் என்று முடிவு செய்ய, பெரும்பாலும் மருத்துவத் துறைக்கு வெளியிலிருந்து வந்த 7 பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. 1962-இல் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை அக்குழுவை உலகறியச் செய்தது. குடும்பம், வேலை, தேவாலயத் தொடர்பு போன்றவற்றைக் கொண்டு நோயாளிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தது தெரியவந்தபோது, நடுத்தர வகுப்பார் தம்மைப் போன்றவர்களுக்கே உயிர் கொடுக்கிறார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. உறுப்பினர்களுக்குப் பண ஆதாயம் ஏதுமில்லை. எனினும் தம் வகுப்பின் சார்பு அவர்களோடு குழு அறைக்குள் வந்தது.

1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று மூளைச் செயலிழப்பை மரணத்தின் வரையறையாக முன்மொழிந்தது. அதன் தலைவர் ஹென்றி பீச்சர், மருத்துவ ஆய்வுகளில் நடந்த நெறி மீறல்களை 1966-இல் அம்பலப்படுத்தியவர். அதே குழுவில், 1954-இல் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்த ஜோசப் மரேயும் உறுப்பினராக இருந்தார். உறுப்பு தேவைப்படும் துறையைச் சேர்ந்த ஒருவர் மரணத்தின் வரையறையை எழுதும் குழுவில் அமரலாமா என்ற விவாதம் அன்று தொடங்கியது. 1968-இல் அமெரிக்க மாநிலங்களுக்காக வரையப்பட்ட மாதிரிச் சட்டம், மரணத்தைச் சான்றளிக்கும் மருத்துவர் உறுப்பை எடுக்கும் அறுவையில் பங்கேற்கக் கூடாது என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகளும் இதே பிரிவினையை ஏற்றுக்கொண்டன.

பின்னர் நெறிமுறை ஆலோசனை என்பதே ஒரு தொழிலாக வளர்ந்தது. அமெரிக்காவில் மருத்துவமனைகளும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களும் நெறிமுறையாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தின. 1998-இல் ஜெரான் நிறுவனம் தனக்கென ஒரு நெறிமுறை ஆலோசனைக் குழுவை ஏற்படுத்தியபோது, ஊதியம் தருபவரையே ஆலோசகர் கண்டிக்க முடியுமா என்ற கேள்வி உரக்கக் கேட்டது. உயிர்நெறியியலுக்கும் மானுடவியல் துறைகளுக்குமான அமெரிக்கச் சங்கம் 2014-இல் வெளியிட்ட ஒழுக்க நெறித் தொகுப்பில், மருத்துவமனை நெறிமுறை ஆலோசகர்கள் தங்கள் நலன் முரண்களைக் கையாள வேண்டிய கடமை இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் சிறுநீரக மாற்று

1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உயிருள்ள உறவினர் ஒருவரின் சிறுநீரகம் நோயாளிக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. இந்தியாவில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வேரூன்றியதற்கு அது தொடக்கமாக அமைந்தது. 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. உடல் அயல் உறுப்பை ஒதுக்காமல் தடுக்கும் இம்மருந்தால், உறவினர் அல்லாதவரின் சிறுநீரகத்தையும் பொருத்துவது எளிதானது. மருத்துவம் திறந்த அந்தக் கதவு வழியே சந்தையும் உள்ளே வந்தது.

சென்னை நகரம் விரைவிலேயே சிறுநீரக வணிகத்தின் மையங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. சிறுநீரகம் விற்றவர்கள் மிகுதியாக வாழ்ந்த வில்லிவாக்கம் பகுதியை ஊடகங்கள் 'கிட்னிவாக்கம்' என்று குறிப்பிட்டன. மருத்துவர்களிடையே கருத்து பிளவுபட்டிருந்தது. கொடையாளிக்கு முறையான ஊதியம் தந்து வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம் என்று சென்னையின் அறுவை மருத்துவர் கே.சி. ரெட்டி 1990-களின் தொடக்கத்தில் வாதிட்டார். சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி உறவினர் அல்லாதாரிடமிருந்து உறுப்பு பெறுவதையே எதிர்த்து எழுதினார். விற்றவர்களின் குரல் அந்த விவாதத்தில் அரிதாகவே கேட்டது.

அக்குரலை எண்களாகப் பதிவு செய்தது, 2002 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு. மாதவ் கோயல் தலைமையிலான ஆய்வாளர்கள் 2001-இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்தனர். அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். கிடைத்த தொகை சராசரியாக 1,070 டாலர். ஆய்வு நடந்தபோதும் நான்கில் மூன்று பங்கினர் கடனிலேயே இருந்தனர். அறுவைக்குப் பின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சுமார் 86 விழுக்காட்டினர் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். பிறரும் விற்கலாம் என்று பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 79 விழுக்காட்டினர். கடன் தீரும் என்ற ஒரே காரணத்துக்காக உடலில் ஓர் உறுப்பை இழந்தவர்கள், உறுப்பையும் இழந்து கடனையும் சுமந்தார்கள் என்பதே இவ்வெண்கள் சொல்லும் செய்தி.

1994-ஆம் ஆண்டுச் சட்டம்

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள துறை. எனவே கோவா, இமாச்சலப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் தீர்மானங்களின் அடிப்படையில் நாடாளுமன்றம் 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. பிற மாநிலங்கள் தீர்மானம் மூலம் அதனை ஏற்றன. தமிழ்நாடு 1995-இல் ஏற்றது. உறுப்பு வாங்குவதும் விற்பதும் தரகு செய்வதும் குற்றமாயின. மூளைச்சாவு சட்டப்படி மரணமாக ஏற்கப்பட்டது.

சட்டம் நெருங்கிய உறவினர் என்று வரையறுத்தது கணவன், மனைவி, மகன், மகள், தந்தை, தாய், சகோதரன், சகோதரி ஆகியோரை. மற்றவர்களுக்கு 9-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு ஒரு வழியை விட்டுவைத்தது: நோயாளி மீது கொண்ட அன்பு அல்லது பற்று காரணமாகவோ வேறு சிறப்புக் காரணத்தாலோ ஒருவர் உறுப்பைத் தர விரும்பினால், அங்கீகாரக் குழுவின் முன் அனுமதியோடு தரலாம். நண்பருக்கும், தூரத்து உறவினருக்கும், நன்றிக்கடன் பட்டவருக்கும் இடம் தரவே இவ்வழி வைக்கப்பட்டது. நடைமுறையில் வணிகம் இவ்வழியையே பயன்படுத்திக்கொண்டது. வேலைக்காரர் முதலாளி மீது கொண்ட பற்று, பல ஆண்டு நட்பு என்றெல்லாம் எழுதப்பட்ட உறுதிமொழிப் பத்திரங்கள் குழுக்களின் முன் குவிந்தன.

சட்டம் அன்பை அளக்கும் வேலையை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. அக்குழுவிடம் புலனாய்வு அதிகாரமோ களப்பணியாளரோ இல்லை. தாளில் உள்ளதைப் படித்து, எதிரில் நிற்பவரிடம் சில கேள்விகள் கேட்டு முடிவெடுக்க வேண்டியிருந்தது. தரகரால் பயிற்றுவிக்கப்பட்டு வந்தவர்கள் கேள்விகளுக்குத் தயாராகவே வந்தார்கள்.

குல்தீப் சிங் வழக்கு, 2005

இச்சிக்கலின் ஒரு பகுதி உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. குல்தீப் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், பஞ்சாபைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் அறுவை செய்துகொள்ள அனுமதி கோரினர். 2005 மார்ச் 31 அன்று வழங்கிய தீர்ப்பில், கொடுப்பவரும் பெறுபவரும் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்களோ அந்த மாநிலத்தின் அங்கீகாரக் குழுவே அவர்களிடையே உள்ள உறவின் உண்மையை ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஊரும் உறவும் தெரிந்த இடத்தில்தான் உண்மை தெரியும் என்பது இதன் அடிப்படை. பணப் பரிமாற்றம் இல்லை என்று குழு மனநிறைவு அடைய வேண்டும் என்பதையும் தீர்ப்பு வலியுறுத்தியது.

இத்தீர்ப்பை நலன் முரண் கோணத்திலும் படிக்கலாம். அறுவை நடக்கும் நகரத்தில் மருத்துவமனையின் வருமானம் உள்ளது. கொடையாளியின் ஊரில் அந்த வருமானம் இல்லை. முடிவெடுக்கும் இடத்தை வருமானம் உள்ள இடத்திலிருந்து தள்ளி வைப்பது, அழுத்தத்தையும் ஓரளவு தள்ளி வைக்கிறது.

எர்ணாவூர், 2007

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை தமிழகக் கடலோரத்தைத் தாக்கியது. வடசென்னை மீனவக் குப்பங்களில் வீடிழந்த குடும்பங்கள் எர்ணாவூரில் அமைக்கப்பட்ட தற்காலிகக் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்டன. கடலிலிருந்து விலகிய இடம். படகும் வலையும் போனபின் தொழிலும் போயிற்று. ஆண்கள் கடலுக்குப் போவதும் பெண்கள் மீன் விற்பதும் தடைப்பட்டன. கடன் ஏறியது.

2007 ஜனவரியில், அக்குடியிருப்பைச் சேர்ந்த பல பெண்கள் சிறுநீரகம் விற்றிருந்த செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. பெண்கள் தங்கள் அறுவைத் தழும்புகளைக் காட்டிய படங்கள் நாட்டை உலுக்கின. தரகர்கள் வாக்களித்த தொகை முழுமையாகக் கிடைக்கவில்லை என்று பலர் முறையிட்டனர். மாநில அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உறவினர் அல்லாதார் கொடைக்குக் குழுவின் அனுமதி கட்டாயம் என்ற சட்டம் அப்போது 12 ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது. நிவாரண முகாமில் வாழும் ஒரு மீனவப் பெண்ணுக்கும், அவர் முன்பின் அறியாத வசதி படைத்த ஒரு நோயாளிக்கும் இடையே அன்பும் பற்றும் இருப்பதாகச் சொல்லும் தாள், எங்கோ ஒரு மேசையைக் கடந்தாக வேண்டும். சட்டம் இல்லாததால் நடந்த தவறு என்று இதனைக் கூற முடியாது. காவலுக்கு வைத்த கதவின் வழியாகவே நடந்த தவறு இது.

குழுவின் அமைப்பில் உள்ள முரண்

2008-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகள் குழுக்களின் அமைப்பை விரிவாக வரையறுத்தன. அறுவைக் குழுவில் உள்ள எவரும் அங்கீகாரக் குழுவில் இருக்கக் கூடாது என்று அவை கூறின. அதே விதிகள், பெருநகரங்களில் ஓராண்டில் 25-க்கு மேற்பட்ட மாற்று அறுவைகள் நடக்கும் மருத்துவமனைகளில் குழு அந்த மருத்துவமனையிலேயே இயங்கலாம் என்றும் கூறின. 2014 மார்ச்சில் வெளியான புதிய விதிகளும் மருத்துவமனைக் குழுவைத் தக்கவைத்தன.

மருத்துவமனைக் குழுவில் இடம்பெறுவோர்: மருத்துவமனையின் இயக்குநர் அல்லது கண்காணிப்பாளர் தலைவராக இருப்பார், அறுவைக் குழுவைச் சாராத, அதே மருத்துவமனையின் மூத்த மருத்துவர்கள் 2 பேர், நீதித்துறை, காவல்துறை, பல்கலைக்கழகம், சமூகப்பணி போன்ற துறைகளைச் சேர்ந்த நன்மதிப்புள்ளவர்கள் 2 பேர், சுகாதாரச் செயலர் அல்லது அவரது பிரதிநிதி, சுகாதாரப் பணிகள் இயக்குநர் அல்லது அவரது பிரதிநிதி. தலைவர் இல்லாமல் கூட்டம் செல்லாது.

எண்ணிக்கையில் வெளியாட்களே மிகுதி. ஆனால் தலைமை இருக்கையில் அமர்பவர், அனுமதி கிடைத்தால் நடக்கப்போகும் அறுவையின் வருமானத்துக்கும் புகழுக்கும் பொறுப்பான நிறுவனத்தின் தலைவர். அவருடன் அமரும் 2 மருத்துவர்களும் அவருக்குக் கீழே பணிபுரிபவர்கள். அறுவைக் குழுவை விலக்கிய விதி, தனிமனிதரின் நலன் முரணைப் பார்த்தது. நிறுவனத்தின் நலன் முரணைப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக் குழுவுக்கு ஆதரவான வாதங்களும் உண்டு. மாநிலத்துக்கு ஒரே குழு என்றால் நோயாளி வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஒவ்வொரு வாரமும் டயாலிசிஸ் செலவு. கல்லீரல் செயலிழந்தவருக்கு அந்தக் காத்திருப்பே மரணமாகலாம். மேலும், மருத்துவ நுணுக்கம் அறிந்தவர்கள் குழுவில் தேவை. இவ்வாதங்களைப் புறந்தள்ள முடியாது. வேகமும் விலகி நிற்றலும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது.

2014 விதிகள் வேறு சில காப்புகளைச் சேர்த்தன. கொடையாளியின் நேர்காணல் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். இரு தரப்பினரின் முந்தைய 3 நிதியாண்டுகளின் வருமானச் சான்றுகளைக் குழு ஒப்பிட வேண்டும். இருவரும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படங்களைக் கேட்க வேண்டும். இடைத்தரகர் எவரும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கொடையாளியின் நெருங்கிய உறவினரையும் விசாரிக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், உறுப்பு வணிகத்துக்கான தண்டனையை 5 முதல் 10 ஆண்டுச் சிறையாகவும், அபராதத்தை 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாயாகவும் உயர்த்தியது. இத்தண்டனை விற்பவருக்கும் பொருந்தும் என்பதால், ஏமாற்றப்பட்ட ஏழை புகார் கொடுக்க அஞ்சும் நிலை தொடர்கிறது என்ற விமர்சனமும் உண்டு.

ஆய்வு நெறிமுறைக் குழுக்களோடு ஒப்பீடு

புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுகளை நெறிமுறைக் குழுக்கள் மேற்பார்வையிடுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும், பின்னர் 2000, 2006, 2017 ஆண்டுகளில் வந்த வழிகாட்டு நெறிகளும் இக்குழுக்களைப் படிப்படியாக வடிவமைத்தன. 2013 முதல் மருந்துச் சோதனைகளை மேற்பார்வையிடும் குழுக்கள் அரசிடம் பதிவு செய்துகொள்வது கட்டாயமானது.

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, இக்குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். தலைவர் வெளியிலிருந்து வர வேண்டும். பொதுமக்களில் ஒருவரும், பெண் ஒருவரும், சட்டம் அறிந்தவர் ஒருவரும் இடம்பெற வேண்டும். தாம் சம்பந்தப்பட்ட ஆய்வு விவாதத்துக்கு வரும்போது உறுப்பினர் அதனை வெளிப்படுத்தி விலகிக்கொள்ள வேண்டும்.

இரண்டு குழுக்களையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஒரு மாத்திரையைச் சோதிக்க அனுமதி தரும் குழுவுக்கு வெளியிலிருந்து தலைவர் வேண்டும். ஒரு மனிதரின் உடலிலிருந்து சிறுநீரகத்தை எடுக்க அனுமதி தரும் மருத்துவமனைக் குழுவுக்கு உள்ளிருந்தே தலைவர் வருகிறார்.

மூளைச்சாவுக் கொடைத் திட்டம்

எர்ணாவூர் நிகழ்வுக்குப் பின், உயிருள்ளவரிடமிருந்து உறுப்பு பெறுவதை நம்பியிருக்கும் நிலையை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. தமிழ்நாடு அரசு 2008-இல் தொடர்ந்து அரசாணைகள் வெளியிட்டு, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் இளம் மகனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் கொடையளித்தது மக்களிடையே பெரும் விழிப்புணர்வை ஏற்படுத்தியது. பின்னர் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் தனி அமைப்பாக உருவானது. மூளைச்சாவுக் கொடையில் தமிழ்நாடு இந்தியாவின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றானது.

இங்கும் நலன் முரணைத் தவிர்க்க விதிகள் உள்ளன. மூளைச்சாவை 4 மருத்துவர்கள் கொண்ட குழு சான்றளிக்கிறது. நரம்பியல் வல்லுநர் கிடைக்காத இடத்தில் மயக்கவியல் மருத்துவரையோ தீவிர சிகிச்சை மருத்துவரையோ சேர்க்கலாம். ஆனால் அவர் உறுப்பு மாற்றும் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. கிடைத்த உறுப்பை யாருக்குத் தருவது என்பதைப் பொதுவான காத்திருப்புப் பட்டியல் முடிவு செய்கிறது.

பட்டியல் இருந்தும் ஐயங்கள் எழுந்தன. இந்திய நோயாளிகள் காத்திருக்கும்போது சென்னையின் தனியார் மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்கு இதயங்கள் பொருத்தப்பட்டதாக 2018-இல் சர்ச்சை கிளம்பியது. தகுதியான இந்தியர் இல்லாதபோதே வெளிநாட்டவருக்குத் தரப்பட்டது என்பது ஒரு தரப்பு விளக்கம். ஆனால் நோயாளி தகுதியற்றவர் என்றோ உறுப்பு பொருந்தாது என்றோ சொல்வது யார்? பெரும்பாலும் அந்த மருத்துவமனையே. அதனால் கேள்வி மீண்டும் அதே இடத்துக்கு வந்து நின்றது.

பள்ளிபாளையம், 2025

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்றதாகச் செய்திகள் வெளியாயின. இங்கும் நுண்கடனும் கந்துவட்டியுமே பின்னணி. போலி ஆவணங்களைக் காட்டி அனுமதி பெறப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. தனியார் மருத்துவமனைகள் இரண்டின் உறுப்பு மாற்று உரிமத்தின் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து விசாரிக்க உத்தரவிட்டது.

வில்லிவாக்கம், எர்ணாவூர், பள்ளிபாளையம் ஆகிய மூன்று இடங்களிலும் விற்றவர்களின் தொழில் வேறு, காலம் வேறு. கடன், தரகர், உறுதிமொழிப் பத்திரம், அனுமதி என்ற வரிசை மட்டும் மாறவில்லை.

எல்லைக் கிராமமும் பாடு முறையும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், தமிழ்நாட்டின் வட எல்லையில் அமைந்துள்ள ஊர் ஆரம்பாக்கம். அடுத்துள்ள தடா ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பழவேற்காடு ஏரி இரு மாநிலங்களிலும் பரந்துள்ளது. ஏரியோர மக்களுக்கிடையே உறவும் தொழிலும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. உறுப்பு மாற்றுச் சட்டமோ எல்லையைப் பார்க்கிறது. சென்னை மருத்துவமனையில் உள்ள நோயாளிக்கு ஆரம்பாக்கத்திலிருந்து ஒருவர் சிறுநீரகம் தர வந்தால் தமிழ்நாட்டு அதிகாரிகளின் சரிபார்ப்பு போதும். சில கிலோமீட்டர் தள்ளி, தடாவிலிருந்து உறவினர் அல்லாத ஒருவர் வந்தால் ஆந்திர அரசு வழியாகவும் சரிபார்க்க வேண்டும். குல்தீப் சிங் தீர்ப்பின் நோக்கம் கொடையாளியின் ஊரிலேயே உண்மையை விசாரிப்பது. அந்த விசாரணை முத்திரை குத்தும் சடங்காகிவிட்டால் எல்லை என்பது தாமதத்தை மட்டுமே தரும், பாதுகாப்பைத் தராது.

ஆதாயம் உள்ளவர் முடிவெடுக்கக் கூடாது என்ற கருத்து இக்கடலோரத்துக்குப் புதிதன்று. பழவேற்காட்டின் கோட்டைக்குப்பம் முதலிய மீனவ ஊர்களில் பாடு என்னும் முறை வழக்கில் உள்ளது. ஏரியில் மீன்வளம் மிகுந்த இடங்களில் யார், எப்போது வலை போடுவது என்பதை ஊர்க்கட்டுப்பாட்டின்படி, குலுக்கலும் சுழற்சியும் கொண்டு முடிவு செய்கிறார்கள். நல்ல இடத்தைத் தமக்கோ தம் உறவினருக்கோ ஒதுக்கிக்கொள்ளும் வாய்ப்பு எந்தத் தனிமனிதருக்கும் இல்லாதபடி முடிவு மனிதர் கையிலிருந்து எடுக்கப்படுகிறது. காத்திருப்புப் பட்டியல் செய்ய முயல்வதும் இதையே.

பாடு முறைக்கும் ஒரு குறை உண்டு. அது ஊரில் உரிமை பெற்ற உறுப்பினர்களுக்கிடையே நியாயம் செய்கிறது. பாடு உரிமை இல்லாதவர்களுக்கு, குறிப்பாக ஏரியில் கையால் இறால் பிடித்து வாழும் இருளர்களுக்கு, அந்தக் குலுக்கலில் இடமில்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் எவ்வளவு நேர்மையான ஏற்பாடு இருந்தாலும், வெளியே இருப்பவரின் நலனை அது தானாகக் காக்காது. மருத்துவமனைக் குழுக்களுக்கும் இது பொருந்தும். நீதிபதி, பேராசிரியர், மருத்துவர், அதிகாரி என்று நன்மதிப்புள்ளவர்களால் நிறைந்த குழுவில், சிறுநீரகம் கொடுக்கும் வகுப்பைச் சேர்ந்த ஒருவருக்கு விதிகளின்படி இருக்கை எதுவும் ஒதுக்கப்படவில்லை.

முன்வைக்கப்படும் சீர்திருத்தங்கள்

நலன் முரணைக் குறைக்கப் பொதுவாக 3 வழிகள் பேசப்படுகின்றன. முதலாவது, வெளிப்படுத்தல்: உறுப்பினர் தம் தொடர்புகளை எழுத்தில் தெரிவிப்பது. இது தேவையானது, ஆனால் போதாது. மருத்துவமனை இயக்குநர் தலைவராக இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்திருப்பதால் அழுத்தம் குறைவதில்லை. இரண்டாவது, விலகல்: சம்பந்தப்பட்டவர் முடிவில் பங்கேற்காதிருப்பது. அறுவைக் குழுவை விலக்கிய விதி இவ்வகை. மூன்றாவது, பிரித்தல்: முடிவெடுக்கும் அமைப்பையே ஆதாயம் பெறும் நிறுவனத்துக்கு வெளியே வைப்பது. ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு வெளித்தலைவர் கட்டாயமாக்கப்பட்டது இதன் ஒரு படி.

இவற்றோடு, கொடையாளிக்காக மட்டும் பேசும் தனி ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற கருத்தும் உலக அளவில் வலுப்பெற்றுள்ளது. அமெரிக்காவில் உயிருள்ள கொடையாளி ஒவ்வொருவருக்கும் நோயாளியின் சிகிச்சையில் பங்கேற்காத தனி ஆலோசகரை மருத்துவமனைகள் அமர்த்த வேண்டும். 2008-இன் இஸ்தான்புல் பிரகடனம் உறுப்பு வணிகத்தைக் கண்டித்ததோடு, கொடையாளியின் அறுவைக்குப் பிந்தைய நலனையும் பொறுப்பாக ஏற்கச் சொன்னது.

தமிழ்நாட்டு வரலாறு காட்டுவது இதுதான்: ஒவ்வொரு முறையும் மோசடி வெளியானபின் ஆவணங்கள் கூடின, தண்டனை கூடியது, படிவங்கள் நீண்டன. முடிவெடுப்பவர் எங்கே அமர்கிறார், அவருக்கு ஊதியம் தருவது யார் என்ற கேள்வி மட்டும் பின்தங்கியே வந்தது. எர்ணாவூர்ப் பெண்களை எந்தக் குழுவாவது நேரில் கண்டிருந்தால், அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி கடினமானதல்ல. வீட்டில் கடன் எவ்வளவு என்று கேட்டிருந்தாலே போதும். அதைக் கேட்பதில் எந்த ஆதாயத்தையும் இழக்காத ஒருவர் அந்த அறையில் இருக்கச் செய்வதே நலன் முரண் விதிகளின் நோக்கம்.